பல்பு வைத்த கண்ணாடி

எங்கள் சந்தில் ஜன்னல் என்பது பேருக்குத்தான். திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவரில் இடிக்கும். ராயபுரத்தில் மாதா கோயிலைத் தாண்டி, மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகிற சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் வருகிற சந்து இது. உச்சி வேளையில் கொஞ்ச நேரம் வெயில் நேராக விழும், அப்புறம் நிழல்தான். வீட்டுக்குள் பகலிலும் லைட்டைப் போட்டுத்தான் சட்டைப் பித்தானைத் தேட வேண்டும். ஆகவே எங்கள் வீட்டில் எங்கள் முகம் என்ன நிறத்தில் இருக்க வேண்டும் என்று முடிவு செய்கிறவர் பல்பு கடைக்காரர். இதை நாங்கள் யாரும் யோசித்ததில்லை. ஜானட்டின் பிழைப்புக்கு ஆபத்து வந்த பிறகுதான் யோசித்தோம்.

ஜானட் எனக்கு எதிர் வீடு. கல்யாணப் பெண்களுக்கு மேக்கப் போடுகிறவள். அவள் கணவன் டெரிக்குக்குத் திருவொற்றியூர் தாண்டி ஒரு கன்டெய்னர் யார்டில் வேலை. கப்பலிலும் லாரியிலும் அடிபட்டு நெளிந்து வரும் பெட்டிகளைச் சூடு காட்டி நிமிர்த்துவார்கள், துருப்பிடித்த இடத்தை வெட்டி எடுத்துப் புதுத் தகடு பற்ற வைப்பார்கள், மேலே பெயின்ட் அடித்து அனுப்புவார்கள். “நீ செய்யறதும் நான் செய்யறதும் ஒரே வேலதான்மே” என்று அவன் ஒருமுறை சொல்லிவிட்டு, அன்றைக்குச் சாப்பாட்டுக்கு ஓட்டல் தேடி அலைந்தது எங்களுக்கெல்லாம் தெரியும். எங்கள் சந்தில் ஒரு வீட்டில் பேசினால் மூன்று வீட்டுக்குக் கேட்கும். நான் ஒட்டுக் கேட்கிறவன் இல்லை, சுவர்கள் அப்படி.

அந்த வீட்டில் இன்னும் இரண்டு பேர். டெரிக்கின் அம்மா ஞானம், காசிமேட்டில் மீன் விற்றுக் குரலை வளர்த்தவர். தங்கை அடைக்கலமேரி, டோல்கேட் பக்கம் டயர் கடையில் பில் போடுகிறாள். ஞானத்தின் கணவர் சிலுவைமுத்து துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். இப்போது மாலை போட்ட படமாகச் சுவரில் இருக்கிறார். மேரி அச்சு அசல் அவரேதான். அந்த அகல நெற்றி, அந்தக் கன்னத்து எலும்பு, அந்த மினுங்குகிற கறுப்பு. சந்தில் யாருக்கும் சந்தேகம் வராத அளவுக்கு அப்பாவின் பெண்.

போன வருஷம் ஜானட் ஒரு கண்ணாடி வாங்கினாள். சினிமாக்காரர்கள் முன்னால் வைத்துக்கொள்வார்களே, சுற்றிலும் குண்டு பல்பு பதித்தது, அந்த மாதிரி. அதை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தபோது சந்தே வாசலுக்கு வந்தது. சுவிட்சைப் போட்டதும் அந்த இருட்டு அறை பழுத்த மாம்பழ நிறத்துக்கு மாறியது. அதன் முன்னால் உட்கார்ந்தால் யாரும் அழகு. நானே ஒருநாள் உட்கார்ந்து பார்த்துவிட்டு, எனக்கு ஏன் யாரும் சினிமாவில் வாய்ப்புத் தரவில்லை என்று கொஞ்ச நேரம் வருத்தப்பட்டேன்.

கண்ணாடி வந்த பிறகு முதல் பெரிய கல்யாணம் நாலு வீடு தள்ளி இருக்கும் ஜூடியுடையது. பல்புகளுக்கு நடுவில் ஜூடி தங்க விக்கிரகம் போல இருந்தாளாம். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று ஜானட் பவுடரைச் சேர்த்துக்கொண்டே போயிருக்கிறாள். சேர்த்தது தெரியவே இல்லை. எங்கள் சந்தில் ஒரு பழக்கம் உண்டு. அலங்காரம் முடிந்த பெண் வாசற்படியைத் தாண்டினால் நேராகக் காரில் ஏறிக் கோயிலில்தான் இறங்க வேண்டும், நடுவில் தெருவில் நின்றால் கண் பட்டுவிடும். அதனால் ஜூடியை வெளிச்சத்தில் யாரும் பார்க்கவில்லை. கோயில் படியில் இறங்கினபோதுதான் பார்த்தோம். முகம் சாம்பல் பூத்துக் கிடந்தது. கழுத்துக்கு மேலே ஒரு பெண், கீழே வேறொரு பெண். யாரோ சிரித்துவிட்டார்கள், அந்தச் சிரிப்பு வரிசையாகப் பரவியது. வெள்ளை கவுன் போட்ட அந்தப் பிள்ளை என்ன தப்பு என்று தெரியாமல் தன் கவுனையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தது.

அன்றைக்குச் சாயங்காலமே ஜானட்டுக்குக் ‘கோலமாவு’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். மீஞ்சூரில் ஒரு பெண் வீட்டார் தேதி மாறிப்போச்சு என்று போன் செய்தார்கள். தேதி மாறவில்லை, ஆள்தான் மாறியது. அப்புறம் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். ஜானட் தண்ணீர் பிடிக்கக்கூட முக்காடு போட்டுக்கொண்டு வந்தாள். எனக்கு அந்தச் சிரித்தவர்கள் மேல் வந்த கோபம் இன்னும் போகவில்லை. அவர்களில் பாதிப் பேருக்குக் கல்யாணத்தில் மேக்கப் போட்டவளே அவள்தான்.

இந்த நிலையில் மேரிக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை எண்ணூர்ப் பக்கம், நல்ல பையன். ஈஸ்டர் கழிந்து மே மாதத்தில் சாயங்காலப் பூசை, அதன் பிறகு ஹாலில் வரவேற்பு. எல்லாம் பேசி முடித்த அன்று வீட்டில் சங்கரா மீன் குழம்பு. சாப்பாட்டுக்கு நடுவில் ஞானம் மெதுவாக ஆரம்பித்தார். அவர் மெதுவாக ஆரம்பித்தால் எங்கள் வீட்டில் டிவியின் சத்தத்தைக் குறைப்போம்.

“மேக்கப்புக்கு அண்ணா நகர்லேந்து ஆளு இட்டுகினு வரலாம்னு கீறேன். நான் யாரையும் குத்தம் சொல்லல. பொறந்ததுலேந்து கறுப்பு கறுப்புன்னு கேட்டுகினே வளந்துட்டா. ஒரு நாளாச்சும் செவப்பா நிக்கட்டும்.”

கரண்டி தட்டில் விழுகிற சத்தம் கேட்டது. ஜானட்தான்.

“மாமி, வூட்லயே ஆள வெச்சிகினு வெளியேந்து ஆளு வந்தா, தெரு இன்னா சொல்லும்? அவ வூட்டுக்காரங்களே அவள நம்பலன்னு சொல்லும். அப்பால நான் பொட்டிய மூடிப் பரண்ல போட வேண்டிதான்.”

“ஜூடி கல்யாணத்துல இன்னா ஆச்சுன்னு சொல்லு. நான் கேட்டுக்கறேன்.”

“அதான் மாமி தெரில. கண்ணாடில நல்லா இருந்தா. மாதா சத்தியமா நல்லா இருந்தா.”

“கண்ணாடிக்கா கல்யாணம்?”

மேரி குறுக்கே புகுந்தாள். “எனக்கு யாருமே வேணா. மூஞ்சிய கழுவிகினு டயர் கடைலேந்து வரா மாதிரியே வந்து நின்னுட்றேன். புடிச்சா கட்டிக்கட்டும்.”

“நீ வாய மூடிகினு துன்னு” என்றார் ஞானம்.

டெரிக்கோ ஒரு கையால் மீன் முள்ளை எடுத்துக்கொண்டே மறு கையில் போனை வைத்து ஜூடி கல்யாண வீடியோவை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். வீட்டுக்குள் எடுத்ததையும் கோயில் படியில் எடுத்ததையும் மாற்றி மாற்றி. திடீரென்று சத்தமாகச் சிரித்தான்.

“ஏ ஜானட்டு, இது ஷெட்டுக்குள்ள அடிச்ச பேட்ச்சு மாதிரியே கீதே!”

 நான் என் வீட்டில் எழுந்து நின்றுவிட்டேன்.

“இன்னா சொன்னே?”

“கரண்டிய கீழ வைமே. கேளு மொதல்ல. மழ வந்தா பொட்டிய ஷெட்டுக்குள்ள ஏத்தி ஒட்டுப் போடுவோம். உள்ள பழைய லைட்டு, மஞ்சளா எரியும். பெயின்ட கலந்து அடிச்சா பழைய செவப்பும் புது செவப்பும் ஒண்ணாத்தான் தெரியும். ஒட்டு எங்க கீதுன்னு எவனாலயும் சொல்ல முடியாது. வெளிய இஸ்தாந்து வெயில்ல நிறுத்தினா, கால்ல பேண்டேஜு சுத்தினா மாதிரி தனியா நிக்கும்.”

“அப்போ இன்னா பண்ணுவீங்க?”

“டப்பாவ தூக்கிகினு வெளிய வருவோம். பகல் வெளிச்சத்துல பொட்டி பக்கத்துல வெச்சுப் பாத்து கலக்குவோம். யார்டுல சேந்த மொத வாரமே சொல்லிக் குடுத்துட்டாங்கோ. ஷெட்டு லைட்ட நம்பாதேன்னு.”

ஜானட் எழுந்து போய்க் கண்ணாடியின் சுவிட்சைப் போடுவதும் அணைப்பதும் கேட்டது. போட்டாள், அணைத்தாள், மறுபடி போட்டாள்.

“இத்தினி வருஷமா இத்த ஏன் எங்கைல சொல்லல?”

“நீ எப்போ கன்டெய்னருக்கு பெயின்ட் அடிச்சே?”

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் ஜானட் மேரியைப் பிடித்து உட்கார வைத்தாள். ஒரு கன்னத்துக்குப் பல்பு கண்ணாடியின் முன்னால் மேக்கப். இன்னொரு கன்னத்துக்கு வாசலில், பகல் வெளிச்சத்தில். பிறகு, “தெருக்கோடி வரைக்கும் நடந்துட்டு வா” என்றாள். மேரி டீக்கடை வரை நடந்து போய் ஒரு டீயும் குடித்துவிட்டு வந்தாள். அவளுக்கு வெட்கம் என்பது கிடையாது, கடவுள் அந்த இடத்தில் வாயை வைத்துவிட்டார். கண்ணாடி முன்னால் போட்ட கன்னம் வெளுத்துத் திட்டாக நின்றது. வாசலில் போட்ட கன்னம் சும்மா கன்னமாக இருந்தது, ஆனால் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போல இருந்தது.

ஞானம் இரண்டு பக்கத்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஒரு பக்கம் மாவு. ஒரு பக்கம் ஒண்ணியுமே போடல. இதுக்கா பொட்டி?”

“போட்டுகீறேன் மாமி. எட்டு சாமான் போட்டுகீறேன் அந்தப் பக்கம்.”

“வெள்ளையாவே இல்லையே.”

“வெள்ளையாக்கறதுக்கு இல்ல மாமி. அவ நெறத்துலயே பளபளன்னு வர்றதுக்கு.”

“எனக்கு அண்ணிதான்” என்றாள் மேரி. “வேற எவளாச்சும் என் மூஞ்சில கைய வெச்சா, நான் கோயிலுக்கே வரல.”

ஞானம் கணவரின் படத்தைப் பார்த்தார்.  “சரி. ஆனா கோயில் படில எவளாச்சும் சிரிச்சா, ஜானட்டு, அப்பால நீ என்கூட பேசாத. என் பொண்ணப் பாத்து ஊரு சிரிக்கறத நான் பாக்க மாட்டேன்.” அவர் கோபத்தில் சொல்லவில்லை, பயத்தில் சொன்னார். 

கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் ஜானட்டும் டெரிக்கும் ஹாலுக்குப் போனார்கள். நாற்காலி எண்ணிப் பார்க்க டெரிக் என்னையும் இழுத்துக்கொண்டு போனான். மேடைக்கு லைட் கட்டிக்கொண்டிருந்தவர் வண்ணாரப்பேட்டை ஜாபர், டெரிக்கின் பழைய தோஸ்து. ஜானட் கைப்பையிலிருந்து ஒரு துண்டு வெள்ளை வலையை எடுத்தாள். மேரியின் முக்காட்டில் வெட்டி மிஞ்சியது. அதை முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு மேடையில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தாள். வலை பாதி மேடை வரை வெண்ணெய் நிறத்தில் இருந்தது. அதற்கப்பால் நீலம் போட்டு வெளுத்த வேட்டி நிறத்துக்கு மாறிவிட்டது.

“ஜாபர் அண்ணே, இன்னா இது? ஒரு கன்னம் மஞ்சளு, ஒரு கன்னம் நீலம். பொண்ணா, கட்சிக் கொடியா?”

“இன்னா சிஸ்டர் பண்றது? ஒரே கலர்ல அத்தினி லைட்டு இல்ல. மாதவரத்துல இன்னொரு கல்யாணம், பாதி அங்க போச்சு. இது மூவாயிரம், அது ஆறாயிரத்து ஐநூறு.”

“விலையா?”

“அய்ய, விலையில்ல. டப்பால போட்டுகீதே, பாக்கலியா? வெளிச்சத்தோட சூட்டு நம்பரு. மூவாயிரம்னா மஞ்சளு. நாலாயிரம் நடுவுல. ஏற ஏற வெளுத்து நீலம் பக்கமா போயிகினே இருக்கும். பகல் வெளிச்சம் அஞ்சாயிரத்துச் சொச்சம்.”

ஜானட் இடுப்பில் கை வைத்தாள். “நம்பரு ஏறினா சூடுதான ஏறணும்? நீலம் ஐஸு மாதிரி கீது. மஞ்சளுதான் அடுப்பு மாதிரி கீது. தலகீழா சொல்றியே.”

“எனுக்குச் சொன்னத நான் சொல்றேன். அந்தப் பஞ்சாயத்து எனுக்குத் தெரியாது.”

டெரிக்தான் மேடை விளிம்பில் குந்தியபடி சொன்னான். “ஜாபர் மாமு சொல்றது கரெக்டுமே. தகட்ட நிமிர்த்தச் சூடு காட்டுவோம் பாரு, மொதல்ல மங்கலா செவக்கும். அப்பால ஆரஞ்சு, அப்பால மஞ்சளு. இன்னும் ஏத்தினா வெள்ளை. வெள்ளைக்கு வந்துட்டா கிட்ட போவ மாட்டோம், உருகிடும். அதுக்கும் மேல போனா நீலமாவும் போல. அவ்ளோ சூடு நம்ம யார்டுல ஏது? வானத்துல நட்சத்திரத்துலதான் இருக்கும்.”

“அப்போ என் கண்ணாடி பல்பு?”

“மங்குன அடுப்பு.”

ஜானட் சிரித்தாள். ஜூடி கல்யாணத்துக்குப் பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். உடனே வேலைக்கு வந்துவிட்டாள். “அண்ணே, மஞ்சளையெல்லாம் முன்னாடி கட்டு, ரெண்டு பக்கமும் மூஞ்சிக்கு. நீலத்தையெல்லாம் பின்னாடி பூவுக்குத் திருப்பிவுடு. பூவு கோச்சிக்காது.”

“கட்டினத அவுக்கணுமே சிஸ்டர்.”

“மாமு, ரெண்டு பிளேட்டு பிரியாணி எக்ஸ்ட்ரா” என்றான் டெரிக். ஜாபர் ஏணியை நகர்த்தினார்.

கல்யாண நாளில் கத்திரி வெயில் காலையிலிருந்தே ஆளை வறுத்தது. காற்றில் கருவாட்டு வாசமும் கோயில் தெருச் சாப்பாட்டுக் கடையில் வறுக்கிற மசாலா வாசமும் கலந்து நின்றன, நகரவில்லை. மத்தியானம் தாண்டிக் கிழக்கே நிழல் நீண்டதும் எங்கள் பாக்கியம், கடல்காற்று திரும்பியது. வியர்வை அடங்கியதும் ஜானட் வாசலுக்கு வந்து என்னைக் கூப்பிட்டாள்.

“அண்ணே, ஒரு நாற்காலி குடு. செவப்பு வேணா, கழுத்துல செவப்பு அடிக்கும். வெள்ளை கீதா?”

வெள்ளை நாற்காலியைத் தெரு நடுவில் போட்டேன். அவள் உட்கார்ந்து பார்த்தாள், திரும்பி என் வீட்டுச் சுவரைப் பார்த்தாள். என் சுவர் கிளிப்பச்சை. பொங்கலுக்கு ஆசையாக அடித்தது.

“இந்தச் சுவரு மூஞ்சில பச்சையா அடிக்குது. ஒரு பெட்ஷீட்டு போட்டு மூடு.”

எனக்குச் சுருக்கென்றது. இருந்தாலும் வெள்ளை பெட்ஷீட்டை எடுத்து வந்து மாடிக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டேன். டெரிக்கும் நானும் பல்பு கண்ணாடியைத் தூக்கி வந்து சுவரில் சாய்த்தோம். ஒரு பல்பும் எரியவில்லை.

அப்போதுதான் ஞானத்துக்குப் புரிந்தது. “இன்னாத்துக்கு தெருவுல? ஜோடிச்ச பொண்ணு வாசல்படி தாண்டினா கோயிலுக்குத்தான் போவணும். நடுத்தெருவுல குந்த வெக்கிறதா? ஊர் கண்ணு பூரா படட்டும்னா?”

“மாமி, உள்ள வெளிச்சம் இல்ல.”

“உள்ளதான் பல்பு கீதே!”

“அந்தப் பல்பாலதான மாமி ஜூடிக்கு அப்படி ஆச்சு?”

மேரி வெள்ளைப் புடவையில் வாசற்படியில் வந்து நின்றாள். அம்மாவைப் பார்த்தாள், தெருவைப் பார்த்தாள். சந்து முழுக்க வாசலுக்கு வந்திருந்தது. “யம்மா, நான் இன்னும் ஜோடிச்ச பொண்ணு இல்ல. ஜோடிக்கப் போற பொண்ணு. படட்டும் கண்ணு, எத்தினி பேர் கண்ணுன்னு பாத்துட்றேன்” என்று சொல்லிவிட்டுப் படியைத் தாண்டி வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். காலை வேறு நீட்டிக்கொண்டாள்.

ஜானட்டின் கை வேலை செய்வதை நான் முழுதாகப் பார்த்தது அன்றைக்குத்தான். கறுப்புக்குள் எத்தனை கறுப்பு இருக்கிறது என்று அன்றுவரை எனக்குத் தெரியாது. நெற்றியில் ஒன்று, கண்ணுக்குக் கீழே ஒன்று, தாடையில் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் புறங்கையில் கலந்து, கன்னத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, பிறகுதான் தொட்டாள். கழுத்துக்கும் காது மடலுக்கும்கூட. ஒவ்வொரு தடவையும் இரண்டடி பின்னால் போய் நின்று பார்த்தாள். மீன்கூடையோடு போன பெண்ணொருத்தி நின்று, “கொஞ்சம் பவுடரு போடுமே” என்றாள். ஜானட் திரும்பவே இல்லை.  

கோயில் படியில் நாங்கள் முன்னமே போய் நின்றோம், ஞானம் அலங்காரத்தைப் பார்க்காமலே எங்களுக்கும் முன்னால் வந்திருந்தார். ஜூடியைப் பார்த்துச் சிரித்தவர்கள் அத்தனை பேரும் அங்கே இருந்தார்கள். கையில் போன் வேறு. கார் வந்தது. ஞானம் மகளைப் பார்க்கவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு கூட்டத்தின் முகங்களையே பார்த்து நின்றார், எந்த வாய் முதலில் கோணும் என்று. ஜானட் காருக்குப் பின்னால் ஒளிகிற மாதிரி நின்றாள்.

மேரி இறங்கினாள். சாயங்கால வெயில் நேராக அவள் முகத்தில் விழுந்தது.

யாரும் சிரிக்கவில்லை. ஒரு வாய்கூடக் கோணவில்லை. ஒரு கிழவர், சிலுவைமுத்துவோடு துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர், முன்னால் வந்து கண்ணை இடுக்கிப் பார்த்தார்.

“அடேய், நம்ம சிலுவைமுத்து எறங்கி வரான்டா!”

அப்போதுதான் ஞானம் திரும்பினார். அந்த நெற்றி, அந்தக் கன்னத்து எலும்பு, அந்த மினுங்குகிற கறுப்பு. ஒன்றையும் மறைக்காமல், ஒன்றையும் வெளுக்காமல், எல்லாவற்றையும் கொஞ்சம் முன்னால் கொண்டுவந்து நிறுத்தியிருந்தாள் ஜானட். ஞானம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். காசிமேடு முழுக்கக் கேட்கிற அந்தத் தொண்டையிலிருந்து சத்தமே வரவில்லை. அப்புறம் காருக்குப் பின்னால் போய் ஜானட்டின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து எல்லோருக்கும் முன்னால் நிறுத்தினார்.

“எம் மருமவ போட்டா. பாத்துகினிங்களா? எம் மருமவ!” மூச்சு வாங்கியது. “அவ அப்பன் கல்யாணத்துக்கு வந்துட்டான்யா. நான் வெள்ளை அடிச்சு அவன வெளியவே நிறுத்தப் பாத்தேன்.”

ஜானட் அழுதாள். டெரிக்கும் அழுதான், கேட்டால் தூசி என்பான். எனக்கும் கொஞ்சம் தூசிதான்.

வரவேற்பில் ஜானட் மேடைக்குப் பின்னால் மேரியை நிறுத்தி, ஹால் வெளிச்சத்திலேயே மறுபடி ஒரு கை பார்த்தாள். மஞ்சள் வெளிச்சத்தில் பழைய லிப்ஸ்டிக் முகத்தோடு கரைந்து போகிறது என்று அதைத் துடைத்துவிட்டு அழுத்தமான மெரூன் போட்டாள். மேடையில் ஜாபரின் மூவாயிரமெல்லாம் முன்னால் எரிந்தன, ஆறாயிரத்து ஐநூறெல்லாம் பின்னால் பூக்களைப் பார்த்துத் திரும்பியிருந்தன. வெள்ளைப் பூவுக்கு நடுவில் மேரி பளிச்சென்று தனியாகத் தெரிந்தாள். மாப்பிள்ளை கேக்கை வெட்டாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். “கேக்கு அந்தப் பக்கம் கீது” என்று மேரி சொன்னது மைக்கில் எல்லோருக்கும் கேட்டது. ஜாபர் பிரியாணித் தட்டோடு நின்று, “லைட்டு யாரு? நம்ம லைட்டு” என்று போகிற வருகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

பரிசு கொடுக்கிற வரிசையில் ஜூடி வந்தாள்.  மேரியின் முகத்தைப் பக்கத்தில் நின்று நன்றாகப் பார்த்தாள். பிறகு மேடையிலிருந்து இறங்கி நேராக ஜானட்டிடம் வந்தாள்.

“அக்கா, என் கல்யாண போட்டோவ வூட்ல மாட்டவே இல்ல. அலமாரிக்குப் பின்னால கீது. அந்தக் கவுனு இன்னும் பத்திரமா வெச்சுகீறேன்.”  “எனுக்கு எப்போ சரி பண்ணித் தரப் போற?”

ஜானட் அவள் கன்னத்தைக் கையில் பிடித்து லைட்டின் பக்கம் திருப்பிப் பார்த்தாள். “இங்க வேணா. நாளைக்குக் கடல்காத்து வந்தப்பறம் தெருவுக்கு வா. புருசனையும் கோட்டு போட்டு இட்டுகினு வா, போட்டோவ மறுக்கா எடுத்துடலாம்.”

மறுநாள் பிற்பகல் நாற்காலியை நானே கொண்டுபோய்ப் போட்டேன், யாரும் கேட்கவில்லை. பெட்ஷீட்டையும் கட்டினேன். பச்சைச் சுவருக்கு அடுத்த வாரம் வெள்ளை அடித்துவிட்டேன், அதையும் யாரும் கேட்கவில்லை. ஜூடி கவுனோடு, கோட்டு போட்ட புருஷன் பின்னால் வர, தன் வாசற்படியைத் தாண்டி, நாலு வீடும் பார்க்க நடந்து வந்து நடுத்தெருவில் உட்கார்ந்தாள். ஜானட் புறங்கையில் கலக்க ஆரம்பித்தாள். அந்த நேரம் பார்த்துத் தெருக்கோடியிலிருந்து ஐஸ் பெட்டி ஏற்றிய மீன்பாடி வண்டி ஒன்று மணி அடித்துக்கொண்டே உள்ளே வந்து வெளிச்சத்தை அடைத்து நின்றது.

ஞானம் தன் வாசலில் இடுப்பில் கை வைத்து நின்றிருந்தார். காசிமேட்டுத் தொண்டை திரும்பி வந்திருந்தது.

“யோவ், வண்டிய பின்னால எடு! வெளிச்சத்த மறைக்காத! பொண்ணு குந்திகினு கீது, தெரில?”